இலையில் திருடுபோன தண்ணீர்

அத்தியாயம் ஏழு

ஜீப் டிரைவர் நிரபராதி என்று பகல் பன்னிரண்டரை மணிக்கு நிரூபணமாயிற்று. துப்பறிவாளருக்கு அந்த வாரத்தில் அதைவிடப் பெரிய துக்கம் வேறெதுவும் நேரவில்லை.

ஐந்து நாளாக அந்த டிரைவரை நம்பித்தான் வழக்கே ஓடிக்கொண்டிருந்தது. வழக்கும் சாதாரண வழக்கல்ல. நகை போகவில்லை, ஆள் போகவில்லை. தண்ணீர் போயிருந்தது. குழாயிலிருந்தோ தொட்டியிலிருந்தோ போயிருந்தால் ஒரு குழாய்க்காரரைக் கூப்பிட்டுச் சமாளித்திருக்கலாம். போனது இலையிலிருந்து.

காட்டோரத்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் தலைவலி என்று போய் நின்றால் அவரிடம் ஒரு மாத்திரை கிடைக்காது. மான் என்ன தின்கிறது, அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சத்து என்று பார்ப்பதுதான் அவர் வைத்தியம். முதல் நாள் துப்பறிவாளரை உட்காரவைத்து அவர் சொன்ன முதல் வாக்கியம்: "என் இலையிலேருந்து யாரோ தண்ணியத் திருடறாங்க."

வேலை கேட்பதற்குச் சுலபமானது. இலைக்காரர் என்கிறவர், மான் கடிக்கிற அதே கிளையில், அது கடித்த இடத்துக்குப் பக்கத்தில், அது கடித்த மாதிரியே இலையைக் கிள்ள வேண்டும். பையிலிட்டுச் சீல் வைத்து, ஐஸ் பெட்டியில் ஜீப்பேற்றிக் கொண்டுவந்து, பச்சையாக ஒரு தரம் நிறுக்க வேண்டும். ஓவனில் மூன்று நாள் காயவைத்து மறுபடி நிறுத்தால், எவ்வளவு எடை குறைந்ததோ அவ்வளவும் தண்ணீர். காய்ந்த இலையை மாவாக அரைத்தால் சத்துக் கணக்கு. இருபத்திரண்டு வருஷமாக, கொளுத்துகிற கோடையில்கூட இந்தக் காட்டு இலையில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர் இருந்தது. நாற்பது நாளாக ஐம்பத்தொன்று.

ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் மான் இலையை நம்பிப் பிழைக்காது என்று எழுதிவைத்திருந்தார்கள். குட்டைகளும் வற்றிவிட்டன. ஆகவே மந்தையைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவர் மானைப் பிடித்துப் பார்த்தவரில்லை. மான் கையில் அகப்பட்டால் பயத்திலேயே செத்துப்போகும். போன முறை வேறொரு காட்டில் முப்பதைப் பிடித்து ஏற்றினார்கள். இறக்கும்போது பதினொன்றுக்குத்தான் மூச்சிருந்தது. இங்கே இருப்பவை அறுபத்து மூன்று. கூண்டு வைத்த நான்கு லாரிகள் காலையிலிருந்தே முற்றத்தில் நின்றன. நான்கு மணிக்குக் கூட்டம். மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் நான்கரைக்கு லாரி கிளம்பும்.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் டிரைவர் மேல்தான். வழியில் நிழல் பார்த்து நிறுத்தித் தூங்குகிற ஆள். தூங்கும்போது பையைத் திறந்து வெயிலில் போட்டால் இலை வாடும், தண்ணீர் குறையும். ஆகவே மூன்று நாளுக்கு முன் துப்பறிவாளர் தாமே ஒரு பைக்குச் சீல் வைத்து, சீலின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டு, ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து நிலையம் வந்து சேர்ந்தார். இறங்கிய பிறகும் ஒரு மணி நேரம் அவருக்கு இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. அந்தப் பைதான் இன்று பன்னிரண்டரைக்கு ஓவனை விட்டு வெளியே வந்தது.

ஐம்பத்தொன்று.

"இப்ப திருப்தியா?" என்றார் டிரைவர். "அஞ்சு நாளா கன்னம் வெச்சவன் மாதிரி பாத்தீங்களே. நான் தூங்கினா இலை வாடுமா?"

"நிறுத்திட்டுத் தூங்கினதை மன்னிச்சாச்சு அண்ணே," என்றார் மைத்துனர். "ஓட்டிக்கிட்டே தூங்கினீங்க பாருங்க, அதைத்தான் என்னால மறக்க முடியல."

மைத்துனர் என்பவர் துப்பறிவாளரின் உதவியாளர். பெண்டாட்டியின் தம்பி. 'வீட்டில சும்மா இருந்து பேசியே கொல்றான், நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க' என்று அக்காள் ஒருநாள் அனுப்பிவைத்தாள். ஒருநாள் பதினாறு வருஷமாகிவிட்டது.

"மாப்ளே, பேசாம வா," என்றார் துப்பறிவாளர். "மணி ஒண்ணாகப் போகுது."

"எங்க அத்தான்?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

தராசைப் பார்த்தார்கள். பெட்டியிலிருந்த எடைக்கல் ஒவ்வொன்றையும் வைத்து எடுத்தார்கள். தராசு மயிரிழை பிசகாமல் நின்றது. ஓவனைப் பார்த்தார்கள். சூடு எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் நின்றது. அறைச் சாவியைக் கேட்டால் ஒரே சாவி. அது டாக்டரம்மா கழுத்தில் கிடந்தது. நியாயமாக நடந்துகொள்கிற பொருள்களைப்போல ஒரு துப்பறிவாளருக்கு எரிச்சல் ஊட்டக்கூடியவை உலகத்தில் இல்லை.

மைத்துனர் நடைவாசலில் உட்கார்ந்து ஒரு ஸ்கேலால் தமது புது வெள்ளை ஷூவைச் சுரண்டத் தொடங்கினார். நேற்றுக் காலை காட்டில் எதையோ மிதித்ததிலிருந்து அவருக்கு வழக்கைவிட ஷூதான் பெரிய கவலை.

"அத்தான், ஒரு சந்தேகம்."

"ஷூவைப் பத்தின்னா வேண்டாம்."

"அப்ப ஒண்ணுமில்ல."

அப்போது அடுத்த அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆட்டுக்கல்லுக்குப் பல்வலி வந்தால் எப்படிக் கத்துமோ அப்படி. அதை அடுத்து ஒரு பெண் குரல், அந்தச் சத்தத்தையே தோற்கடித்துக்கொண்டு, மெஷினின் ஏழு தலைமுறையையும் விசாரித்தது.

அரவை அறை அது. உள்ளே, காய்ந்த இலையை மாவாக்குகிற வேலையைச் செய்கிற அரவையக்கா, மெஷினின் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றார். புருவம், மூக்கு, காது எல்லாம் பச்சை. வயது ஐம்பதுக்கு மேல். டாக்டரம்மாவிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"யாரு? மறுபடியும் தராசு பாக்கற ஆளுங்களா?" என்றார். "அஞ்சு நாளா இந்த வாசல்ல இருபது தடவை போயிட்டீங்க. தராசைப் பாத்தீங்க, ஓவனைப் பாத்தீங்க, தூங்கறவனைப் பாத்தீங்க. என் மெஷினப் பாக்க ஒருத்தருக்கும் நேரமில்ல."

"மெஷினுக்கு என்னக்கா?"

"பிளேடு மழுங்குது. வருஷத்துக்கு ஒரு செட்டு போடறவ நான். இந்த நாப்பது நாள்ல இது மூணாவது செட்டு. சல்லடை அடைச்சுக்குது. மூணு லெட்டர் எழுதிட்டேன். ஸ்டோர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? 'கொஞ்சம் மெதுவா அரைங்க'ன்னு. ஏன், கூடவே தாலாட்டும் பாடட்டுமா?"

மைத்துனர் பரிதாபப்பட்டு சல்லடையைத் தட்டிக் கொடுக்கப் போனார். எழுந்த தூசியில் அவர் தும்மிய தும்மலுக்கு மேஜை மேலிருந்த லேபிள்கள் அத்தனையும் இடம்பெயர்ந்து, சில ஜன்னல் வழியாக வெளியேறின என்று பிற்பாடு அரவையக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதில் பாதியை நம்பலாம்.

துப்பறிவாளர் அந்தத் தும்மலைக் கேட்கவே இல்லை. "எத்தன நாளான்னு சொன்னீங்க?"

"நாப்பது நாளா. எழுதி வெச்சிருக்கேன். சும்மா கத்தறேன்னு நினைச்சீங்களா?"

சல்லடையில் சிக்கியிருந்ததைத் துப்பறிவாளர் இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். நார். தேங்காய் நார் மாதிரி மொரமொரவென்று, பிய்த்தால் பிய்யாத நார். அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தார். ஐந்து நாளில் முதல் தடவையாக அவர் நடையில் ஓர் அவசரம் தெரிந்தது. மைத்துனர் ஒரு காலில் ஷூவும் கையில் ஒரு ஷூவுமாகப் பின்னால் ஓடினார்.

டாக்டரம்மா மேஜையில் தலையைச் சாய்த்திருந்தார். "டிரைவர் இல்லைங்கறது தெரியும். சொல்ல வேண்டாம். வேற ஏதாவது சொல்லுங்க."

"சத்துக் கணக்கு எங்கம்மா?"

"அது தலைமை நிலையத்துல பாத்து அனுப்புவாங்க. ஒரு மாசம் ஆக்குவாங்க."

"இன்னும் வரலையா?"

டாக்டரம்மா மேஜையைத் துழாவினார். டீ கிளாஸுக்கு அடியில் வட்டக் கறையோடு ஒரு கவர் பிரிக்கப்படாமல் கிடந்தது. "காலையில வந்துது. இருக்கற கோபத்துல..." என்றபடி கிழித்தார். படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே வேறு ஏதாவது நல்ல செய்தி இருக்குமோ என்பதுபோல. "புரோட்டீன் பதினெட்டு இருக்கணும். பதினொண்ணுன்னு போட்டிருக்கான். இது வேற தப்பு! இனி இவங்களோட சண்டை போடணுமா?"

"ஒரு நிமிஷம்," என்றார் துப்பறிவாளர். "இதைப் பச்சை இலையில பாக்கறாங்களா, காஞ்ச மாவுலயா?"

"மாவுலதான். எப்பவும் மாவுலதான்."

"அப்ப இலையை வெயில்ல போட்டு வாட்டினாலும் மாவுல இருக்கற சத்து மாறாதே?"

டாக்டரம்மா அந்தச் சத்துக் கணக்கை மறுபடி கையில் எடுத்தார்.

"வெயில் தண்ணியத்தான் திருடும்," என்றார் துப்பறிவாளர். "சத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போகும்? உங்க இலையிலேருந்து யாரும் எதையும் திருடலைம்மா. பைக்குள்ள வர்ற இலையே வேற இலை. முத்தல் இலை. இதோ நார்." காகிதத்தைப் பிரித்து வைத்தார்.

வெற்றி என்பது எப்படி இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தாரோ அப்படி இல்லை. டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ திருட்டே இல்ல. காடே முத்திப்போச்சு. கொழுந்து தீந்துபோச்சு. மான் வேற வழியில்லாம முத்தலத் திங்குது. மானைக் கொண்டுபோகணும்னு மேலதிகாரி சொன்னதுதான் சரி." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நான் உங்களைக் கூப்பிட்டது அவருக்கு சாட்சி தேடிக் கொடுக்கவா?"

துப்பறிவாளர் நாரை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து நாள் வேர்வை சிந்தி, கூப்பிட்டவரையே தோற்கடித்தவர் அந்தத் தொழிலில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது.

"எல்லாம் சரி," என்றார் வாசலில் நின்ற மைத்துனர். "இந்த ஷூவுக்கு யாரு பதில் சொல்றது?"

"மாப்ளே!"

"இல்ல அத்தான், நீங்கதான சொன்னீங்க? மான் புழுக்கை மணி மணியா உருளும், தட்டினா போயிடும்னு. இது என்னடான்னா களிமண் மாதிரி அப்பிக்கிட்டுக் கிடக்கு. ரெண்டு நாளாச் சுரண்டறேன். ஸ்கேல்தான் தேயுது."

டாக்டரம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. ஷூவை அவர் கையிலிருந்து பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மைத்துனர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க மிதிச்சீங்க?"

"ஜீப் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துல. நேத்து காலையில. அப்ப அதுக்குச் சூடுகூட ஆறல, பாவம்."

"ஒட்டிக்கிட்டு இருக்கு! முத்தலும் நாரும் தின்னா உருண்டை உருண்டையா உதிரும். கொழுந்து தின்னாத்தான் இப்படிக் கட்டியா விழும்!" ஷூவைக் கட்டிக்கொள்ளாததுதான் குறை. "மான் கொழுந்துதான் திங்குது. காட்டுல கொழுந்து இருக்கு."

"அப்ப மான் திங்கறது ஒண்ணு," என்றார் துப்பறிவாளர் மெதுவாக. "பையில வர்றது இன்னொண்ணு. மான் வாய்க்கும் பை வாய்க்கும் நடுவுல ஒரே ஒரு கைதான் இருக்கு."

டாக்டரம்மாவின் சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. "நம்ம இலைக்காரரா? இருக்கவே இருக்காது. வேற யாரை வேணா சொல்லுங்க. என்னைச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

இலைக்காரர் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நாளைக்கான பைகளை மடித்துக்கொண்டிருந்தார். இலை கிள்ளுவது இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒருவர் வேலை. அந்நியர் வாடை அடித்தாலே மந்தை கலைந்துவிடும். அதனால் துப்பறிவாளரும் ஜீப்போடு நிற்க வேண்டியதாயிற்று. மந்தையில் ஒரு கால் விந்துகிற ஒரு பெண் மான் மட்டும் இலைக்காரரைப் பக்கத்தில் விடும். அது கடிக்கிற இடத்தில்தான் இவர் கிள்ளுவார். கடித்த மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காக வலது கட்டைவிரல் நகத்தை மான் பல் அளவுக்கு வளர்த்து, அந்த அளவிலேயே வெட்டி வைத்திருந்தார். அந்த நகத்தைக் காட்டித்தான் டாக்டரம்மா புதிதாக வருகிறவர்களுக்கு நேர்மை என்றால் என்னவென்று விளக்குவது வழக்கம்.

துப்பறிவாளர் அலமாரியில் மாதிரிக்கென்று அரைக்காமல் எடுத்துவைத்திருந்த பைகளைக் கொண்டுவந்திருந்தார். போன வருஷத்துப் பை ஒன்றையும் இந்த வாரத்துப் பை ஒன்றையும் பிரித்து, காய்ந்த கிளைகளைப் பலகை மேல் பக்கம் பக்கமாக வைத்தார். பழைய கிளை ஒவ்வொன்றின் நுனியிலும் சுருண்ட குருத்து இருந்தது. புதியவற்றில் ஒன்றில்கூட இல்லை.

"நுனி எங்கங்க ஐயா?"

இலைக்காரர் பலகையைப் பார்த்தார். கையிலிருந்த பையைத் தேவைக்கு மேல் ஒரு மடிப்பு மடித்தார்.

"நுனி அதுக்கு."

"எதுக்கு?"

"அந்த நொண்டிக்குத்தான். குட்டி போட்டிருக்கு. குட்டையில ஒரு சொட்டு இல்ல. குடிக்கறது கடிக்கறது ரெண்டும் அதுக்கு அந்தக் கொழுந்துதான். அது ஒண்ணைக் கடிக்குது. பக்கத்துல இருக்கறத நான் கிள்ளணும். பச்ச உடம்புக்காரி வாய்கிட்டேருந்து பிடுங்கறதா? கை வரலம்மா." அவர் டாக்டரம்மாவைத்தான் பார்த்துப் பேசினார். "ரெண்டு இலை கீழ தள்ளிக் கிள்ளிட்டேன். அதே கிளைதான். வேற மரத்துக்குப் போகல. அந்த அளவுக்கு மோசம் பண்ணல."

"ரெண்டு இலை தள்ளினா நம்பர் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணே?" டாக்டரம்மாவுக்குக் கோபப்படத்தான் ஆசை, கோபம் வரவில்லை.

"நம்பரு உள்ள இருக்கும். நான் பை கட்டறவன். இருபத்திரண்டு வருஷத்துல என்கிட்ட யாரும்மா நம்பர் சொன்னீங்க?"

டாக்டரம்மா குருத்தில்லாத கிளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"முத்தத்துல லாரி நிக்குதே, எதுக்குன்னு தெரியுமா?" என்றார் துப்பறிவாளர்.

"மானுக்குத் தண்ணி கொண்டாந்திருக்காங்க."

"கூண்டு இருக்கேண்ணே," என்றார் மைத்துனர். இந்த ஒரு தடவை அவர் குரலில் கேலி இல்லை.

"பீப்பாய் உருளாம இருக்க..." என்று தொடங்கிய இலைக்காரர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கடைசியில் தம் கட்டைவிரலைப் பார்த்தார்.

டாக்டரம்மா துப்பறிவாளரைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார். "சொல்லாம இருந்தா நாலரைக்கு லாரி கிளம்பும். சொன்னா? இந்த நாப்பது நாள்ல வந்த பத்தொன்பது பை தப்புன்னா, மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் பை சரின்னு எப்படிச் சொல்றேன்னு கேப்பாரு. இவரை வீட்டுக்கு அனுப்புவாங்க. இருபத்திரண்டு வருஷத்து நோட்டையும் தூக்கிக் குப்பையில போடுவாங்க. இவரோட உழைப்பு, என்னோட உழைப்பு, எல்லாம். ஏதாவது வழி சொல்லுங்க. துப்பறியறவர்தானே நீங்க?"

"கண்டுபிடிக்கத்தாம்மா எனக்குத் தெரியும். கண்டுபிடிச்சதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு எனக்கு என்னிக்கும் தெரிஞ்சதில்ல."

"இது நிஜம்," என்றார் மைத்துனர். "எங்க அக்கா சொல்லுவாங்க."

அவர்கள் திரும்பியபோது கொட்டகை காலியாக இருந்தது. இலைக்காரர் அந்த இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு கூட்ட அறைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். மணி நான்கடிக்க ஐந்து நிமிஷம்.

மேலதிகாரி கெட்ட மனிதரல்லர். மானின் மேல் அவருக்கு ஒரு விரோதமும் கிடையாது. ஃபைல் திறந்தே கிடப்பதுதான் அவருக்குப் பிடிக்காது. எட்டு மணி நேரம் குண்டும் குழியுமான சாலையில் வந்திருந்தார். உட்கார்ந்த நாற்காலி மூச்சு விட்டாலே கிறீச்சிட்டது. பேனா மூடியைக் கழற்றியபோதுதான் இலைக்காரர் உள்ளே போய், ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை மேலதிகாரி பேனாவை அந்தரத்தில் பிடித்திருந்தார்.

"நீங்க பொய் இலை போட்டீங்க."

"ஆமாங்கய்யா. பத்தொன்பது பை."

"அதுக்கு முன்னாடி?"

"இல்லைங்கய்யா."

"அதை எப்படி நான் நம்பறது? இன்னிக்கு மானுக்குப் பரிதாபப்பட்டவர் பத்து வருஷம் முன்னாடி படலைன்னு யாரு சொல்றது?" டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "அலமாரியில இருக்கற கிளையைக் காட்டாதீங்க. ஒரு வருஷத்துக்கு மேல கிளை வெச்சிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் மாவு. மாவுல நுனி எது, அடி எது? நம்பர் இருக்கு, கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா எல்லா நம்பரும் பொய்னு எழுதிக் குடுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எனக்கு வீட்டுக்குப் போகணும்."

துப்பறிவாளர் தம் வாழ்க்கையில் பார்த்த எல்லாச் சுவர்களிலும் இதுதான் உயரமானது என்று நினைத்தார்.

கதவு தட்டப்படாமல் திறந்தது. தலை முதல் கால்வரை பச்சையாக அரவையக்கா வந்தார். அறையில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையுமில்லை. ஸ்டோருக்கெல்லாம் பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நாலாவது லெட்டரை நேரில் கொடுக்க வந்திருந்தார்.

"ஐயா, மூணு செட்டு பிளேடு! நாப்பது நாள்ல!" கையிலிருந்த தடித்த நோட்டை மேஜையில் போட்டார். அதிலிருந்து எழுந்த பச்சைத் தூசி மேலதிகாரியின் ஃபைலின் மேல் சாவகாசமாக இறங்கியது. "மெதுவா அரைன்னா என்னய்யா அர்த்தம்? வேலைக்கு வந்த நாள்லேருந்து தேதி போட்டு எழுதியிருக்கேன். இருபத்திரண்டு வருஷம், இருபத்திரண்டு செட்டு. ஒரு வருஷம்கூட ரெண்டாவது செட்டு கேட்டதில்ல. இலை மாறின அன்னிக்கே என் மெஷின் கத்தும். கேக்கத்தான் இங்க ஆளில்ல!"

அறையில் நாற்காலி மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டது.

"அக்கா," என்றார் துப்பறிவாளர், எங்கே பயந்து ஓடிவிடுவாரோ என்பதுபோல மெல்லிய குரலில். "முன்னாடி என்னிக்காவது முத்தல் இலை வந்திருந்தா?"

"அன்னிக்கே பிளேடு போயிருக்கும். நோட்டுல இருந்திருக்கும். என்ன கேள்வி இது?"

மேலதிகாரி நோட்டைத் தம் பக்கம் இழுத்தார். அவசரமில்லாமல் முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். வருஷத்துக்கு ஒரு வரி. ஒரே கையெழுத்து, வெவ்வேறு மை. கடைசிப் பக்கத்தில் மட்டும் மூன்று வரி, மூன்றின் பக்கத்திலும் கோபமான கோடு. சட்டையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, பேனாவுக்கு மூடி போட்டார்.

"மூணு நாள். நாளைக்குக் காலையில நானும் வர்றேன். என் கண்ணு முன்னாடி கிள்ளணும். ஓவன் என்ன சொல்லுதோ அது." பிறகு இலைக்காரரைப் பார்த்தார். "உங்களைப் பத்தி அப்புறம்."

அரவையக்கா நகரவில்லை. "பிளேடு?"

"தர்றேம்மா."

இலை கிள்ளிய மூன்றாம் நாள் பகலில் ஓவன் சொன்னது அறுபத்தொன்பது. லாரிகள் வந்த வழியே காலிக் கூண்டுகளைக் குலுக்கிக்கொண்டு போயின. இலைக்காரருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அதன் கூடவே டாக்டரம்மா தம் கையால் எழுதிய ஒரு காகிதமும் வந்தது, அதில் அந்த மாதத்து நம்பர்கள் இருந்தன. இதெல்லாம் ஃபைலில் இருக்கிறது. ஃபைலில் இல்லாதது, கூட்டத்துக்கு மறுநாள், இலை கிள்ளிய அந்தக் காலை.

பொழுது புலர்ந்த நேரம். ஜீப்புக்குப் பின்னால் மேலதிகாரி, துப்பறிவாளர், அத்தானின் செருப்பைப் போட்டுக்கொண்ட மைத்துனர் ஆகிய மூவரும் ஒரே பைனாகுலரைக் கைமாற்றிக்கொண்டு நின்றார்கள். டிரைவர் தூங்கினார். தூரத்தில் அந்தப் பெண் மான் விந்தி விந்தி மரத்தடிக்கு வந்தது. குட்டி கூடவே வந்தது. மான் கழுத்தை நீட்டிக் கிளையை வளைத்தது. இலைக்காரர் ஓரடி தள்ளி நின்றார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டி மறுபடி இழுத்துக்கொண்டார்.

"கிள்ளுங்கண்ணே, கிள்ளுங்க," என்று முணுமுணுத்தார் மைத்துனர். பைனாகுலர் அவரிடம் இருந்ததால் மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நிலவரம் அறிய வேண்டியிருந்தது.

மூன்றாம் முறை இலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, மானின் வாயருகே இருந்த கொழுந்தைக் கிள்ளினார்.

மான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அரை அடி நகர்ந்தது. அடுத்த கொழுந்தைக் கடித்தது. அதற்கடுத்ததையும் கடித்தது.

இலைக்காரர் கண்ணைத் திறந்தார். நாற்பது நாளாக வெட்கத்தில் கீழ் இலையையே பார்த்துக் குனிந்திருந்த மனிதர், முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கிளை கிளையாக, எட்டுகிற இடத்திலும் எட்டாத இடத்திலும், மரம் பூராவும் கொழுந்து. அறுபத்து மூன்று மான் தின்றாலும் தீராத கொழுந்து.

அவர் மானின் பக்கம் திரும்பினார். காட்டின் அமைதியில் அந்தக் குரல் ஜீப்வரை கேட்டது.

"இவ்வளவு இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மான் பதில் சொல்லவில்லை. வாய் நிறைய இருந்தது.